‘யெவ்கேனி ஒனேகின்’ ஓபராவும் சைக்கோவ்ஸ்கியின் கடிதங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரஷ்ய இசையமைப்பாளர் பியோத்தர் இலியீச் சைக்கோவ்ஸ்கி 1877ஆம் ஆண்டு மே மாதத்தில் ‘யெவ்கேனி ஒனேகின்’ என்ற ஓபராவுக்கான, அதாவது பாட்டாகவே நடக்கும் நாடகத்துக்கான, எண்ணத்தைப் பெற்று, 1878ஆம் ஆண்டு பிப்ரவரி தொடக்கத்தில் அதை எழுதி முடித்தார். அந்த எட்டரை மாதங்களில் அவர் நண்பர்களுக்கும் தம்பிக்கும் எழுதிய கடிதங்களில், அந்த ஓபரா பிறந்த கதை ஏறக்குறைய நாள்வாரியாகப் பதிவாகியிருக்கிறது. அக்கடிதங்களைப் பற்றி இசை ஆர்வலர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

இந்த ஓபராவின் கதை என்ன?

அலெக்சாண்டர் புஷ்கின் எழுதிய செய்யுள் நாவலே இதற்கு மூலம். அதன் அத்தியாயங்கள் 1825 முதல் தனித்தனியாக வெளிவந்து, 1833இல் முழு நூலாயின. நாட்டுப்புறப் பண்ணை வீடொன்றில் புத்தகங்களோடு வளரும் தத்யானா என்ற பெண், பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து வந்த ஒனேகினை ஒருமுறை பார்த்த மாத்திரத்தில் காதலித்து, ஓரிரவு முழுவதும் விழித்திருந்து அவனுக்குக் கடிதம் எழுதுகிறாள். அவன் மரியாதையாக மறுத்து, அவளுக்கு அறிவுரையும் சொல்லிவிட்டுப் போகிறான். அவளுடைய பெயர்நாள் (அவள் பெயருக்குரிய புனிதரின் நாள்) விருந்தில், சலிப்பின் காரணமாக, நண்பன் லென்ஸ்கியின் காதலியும் தத்யானாவின் தங்கையுமான ஓல்காவோடு அவன் வலிந்து நடனமாட, அது வாய்ச்சண்டையாகி, துப்பாக்கி ஏந்திய இருவர் சண்டையில் லென்ஸ்கியின் சாவில் முடிகிறது. ஆண்டுகள் கழித்து ஒனேகின் தலைநகருக்குத் திரும்பும்போது, தத்யானா இளவரசர் கிரேமினின் மனைவியாக இருக்கிறாள். இப்போது காதலிப்பது ஒனேகினின் முறை. அவள் அவனை இன்னும் நேசிப்பதாக ஒப்புக்கொள்கிறாள். ஆனால் கணவனை விட்டு வர மறுத்துவிடுகிறாள்.

கதை இவ்வளவுதான். மேடையில் பிரமிப்பூட்டும் சம்பவம் ஏதும் இதில் இல்லை என்ற குறையே கடிதங்களில் நடக்கும் விவாதத்தின் மையம்.

கடிதங்கள் யார் யாருக்கு எழுதப்பட்டவை?

முக்கியமானவர்கள் ஐவர். தம்பி மோதெஸ்த்; மாஸ்கோ இசைக் கல்லூரியில் தம்மிடம் படித்து நண்பரான செர்கேய் தனேயெவ்; அதே கல்லூரியில் பொறுப்பிலிருந்த கார்ல் அல்பிரெக்ட்; பதிப்பாளர் பியோத்தர் யூர்கென்சன்; செல்வந்தரான விதவை நதேழ்தா ஃபான் மெக். ஓபரா ஒன்றே என்றாலும், ஒவ்வொருவரிடமும் சைக்கோவ்ஸ்கி பேசும் குரல் வேறு. தம்பியிடம் துள்ளிக் குதிக்கிறார். தனேயெவிடம் வாதாடுகிறார். அல்பிரெக்டிடம் வேலை விவரம் பேசுகிறார். பதிப்பாளரிடம், நூல் எப்படி மக்களிடம் போய்ச் சேரும் என்று கணக்குப் போடுகிறார். ஃபான் மெக்கிடம் மட்டும் தம் அச்சத்தை ஒளிக்காமல் சொல்கிறார். ஆகவே ஒரு கடிதத்திலிருந்து ஒரு வரியை மட்டும் பிடுங்கி எடுத்து, இதுதான் சைக்கோவ்ஸ்கியின் கருத்து என்று சொல்லும்போது, அது யாருக்கு எழுதிய வரி என்பதையும் கூடவே சொல்லியாக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஓபராவின் எண்ணம் எப்படி வந்தது?

மே 18 அன்று மோதெஸ்துக்கு எழுதிய கடிதத்தில் இதன் முழு விவரமும் இருக்கிறது. சில நாள்களுக்கு முன் பாடகி லவ்ரோவ்ஸ்கயாவின் வீட்டில் ஓபராவுக்கு ஏற்ற கதைகளைப் பற்றிப் பேச்சு நடந்தபோது, அவர் திடீரென்று ‘யெவ்கேனி ஒனேகின்’ எழுதினால் என்ன என்று கேட்டார். சைக்கோவ்ஸ்கிக்கு அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. அவர் பதிலே சொல்லவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. படித்த ரஷ்யர்கள் பலர் அந்நூலின் பத்திகளை மனப்பாடமாக வைத்திருந்தார்கள். அதன் மீது இசையமைப்பாளர் ஒருவர் கைவைப்பது எளிதில் பொறுத்துக்கொள்ளப்படும் காரியம் அன்று.

பிறகு உணவு விடுதியொன்றில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்தப் பேச்சு நினைவுக்கு வந்தது. யோசித்தார். முடியாதது இல்லை என்று பட்டது. பிறகு ஆசை பற்றிக்கொண்டது. சாப்பாடு முடிவதற்குள் முடிவே செய்துவிட்டார். உடனே புஷ்கின் நூலைத் தேடி ஓடினார். எளிதில் கிடைக்கவில்லை, ஒருவழியாகத் தேடிப் பிடித்து, வீட்டுக்குக் கொண்டுபோய் மறுபடி படித்து, அன்றிரவு கண் மூடாமல் உட்கார்ந்து காட்சிகளின் வரிசையைத் தீட்டிவிட்டார். மறுநாளே நண்பர் கன்ஸ்தந்தீன் ஷிலோவ்ஸ்கியிடம் போய், நாடகப் பனுவல் அமைக்க உதவும்படி கேட்டுக்கொண்டார்.

எத்தியோப்பிய இளவரசிகள், எகிப்திய மன்னர்கள், விஷம் வைத்தல் போன்ற படாடோபங்களிலிருந்து தப்பித்தது எவ்வளவு மகிழ்ச்சி தருகிறது என்று அதே கடிதத்தில் எழுதுகிறார். கதையில் அசைவு குறைவு என்பது தமக்குத் தெரியும் என்றும், கவித்துவமும் மனிதத் தன்மையும் எளிமையும் அந்தக் குறையை ஈடு செய்துவிடும் என்றும் சொல்கிறார். மற்றவர்கள் பின்னால் சொல்லப்போகும் குறையை முதல் வாரத்திலேயே அவர் தாமே சொல்லிவிட்டார் என்பதைக் கவனிக்க வேண்டும். தெரியாமல் செய்த பிழை இல்லை அது. தெரிந்தே தேர்ந்த பாதை.

பனுவலை எழுதியது யார்?

பெரும்பகுதி புஷ்கினின் வரிகளேதான். அவற்றைத் தேர்ந்து, வெட்டி, இணைத்ததில் சைக்கோவ்ஸ்கியின் பங்கே மிகுதி. ஷிலோவ்ஸ்கி துணை நின்றார். கிரேமின் பாடும் காதல் பாட்டைப் போல நாவலில் இல்லாத சில இடங்கள் புதிதாகச் சேர்க்கப்பட்டன.

தனேயெவுக்கு எழுதிய கடிதம் ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

தனேயெவ் சைக்கோவ்ஸ்கியைவிடப் பதினாறு வயது இளையவர். ஆசிரியர் பியானோவுக்கும் வாத்தியக் குழுவுக்குமாக எழுதிய முதல் கான்செர்ட்டோவை 1875இல் மாஸ்கோவில் முதன்முதலாக வாசித்தவர். கசப்பானாலும் உண்மையை முகத்துக்கு நேரே சொல்லும் சுபாவம் உள்ளவர் என்பதால், அவர் சொல்லுக்குச் சைக்கோவ்ஸ்கி தனி மதிப்புக் கொடுத்தார். மாஸ்கோவுக்கு வந்துசேர்ந்த பகுதிகளைப் பார்த்த தனேயெவ், இது மேடைக்கு ஏற்றதாக இல்லை என்று எழுதினார். அதற்குப் பதிலாக 1878 ஜனவரியில், இத்தாலியின் சான் ரேமோவிலிருந்து எழுதப்பட்டதுதான் அந்தக் கடிதம்.

நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம் என்றுதான் அது தொடங்குகிறது. அடுத்த வரியிலேயே, மேடைப் பொருத்தத்தின் மீது காறி உமிழ்கிறேன் என்கிறார். அந்த நிலையிலும் மாணவரை ‘நீங்கள்’ என்றே அழைக்கிறார் என்பது ரஷ்ய மூலத்தில் தெரிகிறது. சினத்திலும் மரியாதை குறையவில்லை. தமக்கு வேண்டியவர்கள் மனிதர்களே, பொம்மைகள் வேண்டாம் என்று தொடர்கிறார். வியப்பூட்டும் திருப்பங்கள் எதுவும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. தம்மைப் போன்ற மனிதர்கள், தாம் பட்டறிந்த, தமக்குப் புரிகிற உணர்ச்சிகளைப் படுகிற கதை எதையும் மனமுவந்து எடுத்துக்கொள்வேன் என்கிறார். எகிப்திய இளவரசியோ மன்னனோ என்ன உணர்ந்தார்கள் என்பது தமக்குத் தெரியாது, புரியாது என்கிறார். இந்த இடத்தில் அவர் மனத்தில் இருந்தது இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் ‘ஆயிதா’. 1871இல் கெய்ரோவில் அரங்கேறிய அந்த ஓபரா, யானை குதிரை ஊர்வலங்களோடு நடத்தப்படும் பிரம்மாண்டத்துக்கு அடையாளமாகிவிட்டிருந்தது. வெர்டியை ஒரு கலைஞராகச் சைக்கோவ்ஸ்கி தாழ்த்தவில்லை. அந்த உலகத்துக்குள் தம்மால் நுழைய முடியாது என்பதையே சொல்கிறார்.

பிறகு அவர் தேடுவது என்ன என்பதையும் சொல்லிவிடுகிறார்: நெருக்கமான, ஆனால் வலுவான நாடகம், தாம் அனுபவித்த அல்லது கண்ணால் கண்ட நிலைமைகளின் மோதலில் எழுந்து, தம் நெஞ்சைத் தைக்கும் நாடகம். ஓபராவைப் பற்றிய புத்தகங்கள் பலவற்றில் நான் தேடியும் காணாத தெளிவு இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. நான்கே சுவர்களுக்குள் நடக்கும் ஒரு காரியத்தையும் முழு வாத்தியக் குழுவோடு பாட முடியும், பாட வேண்டும் என்று அவர் நம்பினார். மீதி எல்லாம், பாடகர்களின் வயது, அரங்கின் அளவு, தலைப்புப் பக்கத்தில் போட்ட பெயர் உட்பட, இந்த நம்பிக்கையிலிருந்து பிறந்தவை.

தனேயெவ் இதனால் வருந்தி விலகிவிடவில்லை. நட்பு சைக்கோவ்ஸ்கி இறக்கும்வரை நீடித்தது. பிற்காலத்தில் தனேயெவும் ஓர் ஓபரா எழுதினார். 1895இல் பீட்டர்ஸ்பர்க்கில் அரங்கேறிய அதன் பெயர் ‘ஒரெஸ்தெயா’. கதை, கிரேக்க மன்னன் அகமெம்னானின் குடும்பம். இருவரும் ஓபராவில் தேடியது எவ்வளவு வேறுபட்டது என்பதற்கு அந்தத் தேர்வே சான்று.

‘ஓபரா’ என்று போடாமல் ‘உணர்வுக் காட்சிகள்’ என்று ஏன் பெயரிட்டார்?

தலைப்புப் பக்கத்தில் அவர் போட்ட ரஷ்யச் சொற்களுக்கு ‘லிரிக் காட்சிகள்’, அதாவது உணர்வைப் பாடும் காட்சிகள், என்பது நேர்ப்பொருள். ஓபரா என்ற சொல் கேட்பவர் மனத்தில் எழுப்பும் எதிர்பார்ப்பை முன்கூட்டியே தணிப்பதற்காக இப்படிச் செய்தார். நாவல் முழுவதையும் மேடையேற்ற அவர் முயலவில்லை. வாசகருக்குக் கதை தெரியும் என்ற துணிவில், ஏழு காட்சிகளை மட்டும் பொறுக்கி மூன்று அங்கங்களாக வைத்தார். இடையே ஆண்டுகள் கழிகின்றன; அவற்றை அவர் விளக்க முற்படவில்லை.

தத்யானாவின் கடிதக் காட்சியில் அப்படி என்ன இருக்கிறது?

ஓபராவிலேயே நான் மிக அதிகமாகக் கேட்டது இந்தக் காட்சிதான், ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன். பன்னிரண்டு நிமிடங்களுக்கு மேல் ஒரே பெண் தனியாகப் பாடுகிறாள். மேடையில் ஒரு மேசை, ஒரு விளக்கு, காகிதம். எழுதுகிறாள், நிறுத்துகிறாள், கிழிக்கிறாள், மறுபடி எழுதுகிறாள். சம்பவம் என்று சொல்ல வேறொன்றும் இல்லை.

அவள் எழுத உட்காரும் இடத்தில் ஓபோ என்ற துளைக்கருவி ஒரு நீண்ட மெட்டை வாசிக்க, தந்திக் கருவிகள் அடியில் தாளம் தள்ளித் துடிக்க, புல்லாங்குழலும் கிளாரினெட்டும் ஹார்னும் ஹார்ப்பும் சிறு சிறு சொட்டுகளாக மேலிருந்து விழுகின்றன. அவள் வாய் திறந்து எதையும் சொல்வதற்கு முன்பே பேனா ஓடுவது காதில் விழுகிறது.

புஷ்கினின் மூலத்தில் இந்தக் கடிதம் ஒரு நுட்பமான காரியம் செய்கிறது. தமிழில் படிக்கிறவர்களுக்கு அது சட்டென்று பிடிபடும். தத்யானா ‘நீங்கள்’ என்று தொடங்குகிறாள். ‘உங்களுக்கு எழுதுகிறேன், இதற்கு மேல் என்ன சொல்ல’ என்பது முதல் வரியின் கருத்து. பாதி வழியில், வேறொருவனுக்கு என் இதயத்தைக் கொடுத்திருக்கவே மாட்டேன் என்ற இடம் வந்ததும், அவளையறியாமல் ‘நீ’ என்று மாறிவிடுகிறாள். முடிக்கும்போது, திரும்பப் படிக்கவே பயமாக இருக்கிறது என்று சொல்லி, உங்கள் கண்ணியத்தை நம்புகிறேன் என்று மறுபடி ‘நீங்கள்’ என்பதற்குத் திரும்புகிறாள். ஆங்கில மொழிபெயர்ப்பில் இந்த ஏற்ற இறக்கம் அப்படியே காணாமல் போய்விடும். நமக்கோ அதை விளக்கவே தேவையில்லை. முன்பின் பழகாத ஆடவனை ‘நீ’ என்று அழைக்கும் அந்தக் கணத்தின் துணிச்சல் என்ன என்பது நம் மொழியிலேயே இருக்கிறது.

சைக்கோவ்ஸ்கி இந்த மடிப்பைத் தவறவிடவில்லை. அந்த ‘நீ’ வரும் இடத்தில் இசையின் போக்கே மாறுகிறது. சற்றுப் பின்னால், நீ யார், என்னைக் காக்க வந்த தேவதையா, கெடுக்க வந்த வஞ்சகனா என்று அவள் கேட்கும்போது, மெட்டு மேலிருந்து படிப்படியாக இறங்க, அவள் நிறுத்தும் இடைவெளியில் ஹார்ன் ஒற்றைக் குரலாய்ப் பதில் சொல்கிறது. சண்டைக்கு முன் லென்ஸ்கி பாடும் புகழ்பெற்ற பாட்டிலும் இதே போன்ற இறங்குவரிசை வருவதை இசை ஆய்வாளர்கள் பலர் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். தத்யானாவும் லென்ஸ்கியும் மேடையில் காதலர்கள் அல்லர். ஆனால் இருவரும் ஒரே வகையான மனிதர்கள், கனவை நம்பியவர்கள் என்பதை இசை சொல்லிவிடுகிறது. காட்சியின் முடிவில் பொழுது விடிகிறது. வெளியே இடையனின் குழலோசை கேட்கிறது. அதையும் ஓபோவே வாசிக்கிறது.

அவருடைய சொந்தத் திருமணம்தான் இந்த ஓபராவுக்குக் காரணம் என்கிறார்களே, உண்மையா?

இதில் நாள்களைச் சரியாக வைத்துப் பார்க்க வேண்டும். அன்தனீனா மிலியுகோவா என்ற முன்னாள் இசை மாணவி அவருக்குக் காதல் கடிதங்கள் எழுதியது 1877 வசந்தத்தில். லவ்ரோவ்ஸ்கயா வீட்டுப் பேச்சு மே மாத நடுவில். சைக்கோவ்ஸ்கி அன்தனீனாவை நேரில் சந்தித்ததும் திருமணத்துக்குச் சம்மதித்ததும் அதற்கடுத்த வாரத்தில். பிறகு மாஸ்கோவுக்கு அப்பால் இருந்த ஷிலோவ்ஸ்கியின் கிளேபவோ பண்ணைக்குப் போய், தனி வீட்டில் பியானோவோடு தங்கி, ஜூன் மாதத்துக்குள் ஓபராவின் மூன்றில் இரண்டு பங்கை முதல் வரைவாக எழுதிவிட்டார். ஜூலை 6 அன்று திருமணம் நடந்தது. சில வாரங்களிலேயே அது தாங்க முடியாததாகி, செப்டம்பர் இறுதியில் அவர் உடலும் மனமும் நொறுங்கிப் பீட்டர்ஸ்பர்க்குக்கு ஓடினார். அங்கிருந்து வெளிநாட்டுக்கு அழைத்துச் செல்லப்பட்டார். தம்பதியர் பிறகு சேர்ந்து வாழவே இல்லை.

ஒரு பெண்ணின் கடிதத்துக்கு ஒனேகின் காட்டிய அலட்சியத்தைத் தாமும் காட்டிவிடக் கூடாது என்று எண்ணியே அவர் அன்தனீனாவை மணந்தார் என்பது, நண்பர் நிக்கலாய் காஷ்கின் பிற்காலத்தில் எழுதிய நினைவுக் குறிப்பு தரும் செய்தி. கடிதக் காட்சியையே முதலில் எழுதத் தொடங்கினார் என்பதும் அதே குறிப்பில் வருகிறது. நடந்தபோது எழுதிய கடிதமும், நடந்து பல ஆண்டுகள் கழித்து எழுதிய நினைவும் ஒரே எடை உள்ளவை அல்ல. ஜூலையில் ஃபான் மெக்குக்கு எழுதிய கடிதத்தில் தம் திருமணச் செய்தியைச் சொல்லும் சைக்கோவ்ஸ்கி, காதல் இல்லாமல் மணக்கப்போவதாகவே சொல்கிறார். கதை வாழ்க்கையை இழுத்ததா, வாழ்க்கை கதையை இழுத்ததா என்பதை ஒரே சொல்லில் அடைத்துவிட முடியாது; இரண்டும் ஒரே மேசையில் ஒரே மாதத்தில் கிடந்தன என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே நேர்மை. அந்த அவலத்தில் அன்தனீனாவும் பாதிக்கப்பட்டவர் என்பதைப் பல நூல்கள் மறந்துவிடுகின்றன. அது எனக்கு வருத்தம் தருகிறது.

நதேழ்தா ஃபான் மெக்கின் பங்கு என்ன?

இரயில்பாதைத் தொழிலில் பெரும் பொருள் ஈட்டிய கார்ல் ஃபான் மெக்கின் மனைவி அவர். கணவர் இறந்த பின் பெரிய குடும்பத்தையும் சொத்தையும் தாமே நிர்வகித்தார். 1876 டிசம்பரில் தொடங்கிய கடிதப் போக்குவரத்து 1890 வரை, ஆயிரத்துக்கு மேற்பட்ட கடிதங்களாக நீண்டது. இருவரும் சந்திப்பதில்லை என்பது அவர்களுக்குள் இருந்த உடன்பாடு. 1879 ஆகஸ்டில் பிரயிலவோ பண்ணையருகே வண்டிகள் எதிர்பாராமல் எதிரெதிரே வந்தபோது வணங்கிக்கொண்டார்கள், பேசவில்லை.

1877 அக்டோபரிலிருந்து ஆண்டுக்கு 6,000 ரூபிள் உதவித்தொகையை அவர் அனுப்பினார். இந்தப் பணம் இல்லாதிருந்தால் சைக்கோவ்ஸ்கி கல்லூரி வகுப்புகளுக்குத் திரும்பியிருக்க வேண்டும். கிளாரன்ஸ், வெனிஸ், சான் ரேமோ என்று ஊர் ஊராகத் தங்கி ஒனேகினையும் நான்காம் சிம்பனியையும் ஒருசேர முடித்திருக்க முடியாது. அந்தச் சிம்பனி ‘என் சிறந்த நண்பருக்கு’ என்று அவருக்கே காணிக்கையாக்கப்பட்டது.

ஒனேகினைப் பொறுத்தவரை, பணத்தைப் போலவே முக்கியமானது அவர் கேட்கும் காதாக இருந்தது. புஷ்கின் தம் ஆற்றலின் வேகத்தால் செய்யுளின் குறுகிய எல்லையைத் தாண்டி இசையின் எல்லையற்ற வெளிக்குள் புகுந்துவிடுகிறார், சொல்லப்படும் பொருளைத் தவிர்த்துப் பார்த்தாலும் அந்த ஒலிவரிசையிலேயே நெஞ்சின் ஆழத்தைத் தொடும் ஒன்று இருக்கிறது, அதுவே இசை என்று 1877 கோடையில் அவருக்குத்தான் எழுதினார். ஆகஸ்ட் இறுதியில், தங்கையின் கமென்கா பண்ணையிலிருந்து எழுதும்போது முதல் வேகம் தணிந்துவிட்டிருந்தது: இந்த ஓபரா தோற்கும் என்றே தோன்றுகிறது, பகட்டில்லை, மேடை விளைவில்லை, ஆயினும் தாம் எழுதும்போது பட்ட உணர்ச்சியைக் கேட்பவர் சிலராவது படுவார்கள் என்று நம்புவதாகச் சொல்கிறார். டிசம்பரில் கவலை வேறு பக்கம் திரும்பியது. புஷ்கின் கற்பனை செய்த தத்யானாவை எங்கே தேடுவேன்? பதினெட்டு வயதும் அடர்ந்த சுருள்முடியும் உள்ள லென்ஸ்கி எங்கே கிடைப்பான்? நாற்பதைத் தாண்டிய பாடகர் அந்த வேடத்தில் வந்து நின்றால் புஷ்கினின் சித்திரம் எவ்வளவு மலினப்பட்டுப் போகும் என்பதே அவர் அச்சம்.

மாணவர்களைக் கொண்டு அரங்கேற்ற வேண்டும் என்று ஏன் அடம்பிடித்தார்?

மேலே சொன்ன அச்சத்துக்கு அவர் கண்ட தீர்வு அது. 1877 டிசம்பரில் வெனிஸிலிருந்து அல்பிரெக்டுக்கு எழுதிய கடிதத்தில் தமக்கு வேண்டியவற்றை ஒரு வீட்டுக்காரர் கொத்தனாரிடம் சொல்வதைப் போல ஒவ்வொன்றாகச் சொல்கிறார். பாடகர்கள் நடுத்தரமானவர்களாயினும் போதும், நன்கு பயின்று உறுதியாக நிற்பவர்களாக இருக்க வேண்டும்; எளிமையாகவும் நன்றாகவும் நடிக்கத் தெரிய வேண்டும். காட்சியமைப்பில் ஆடம்பரம் வேண்டாம். ஆனால் காலத்துக்குக் கண்டிப்பாகப் பொருந்த வேண்டும், உடைகள் 1820களைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். அரசாங்க அரங்குகளில் ஆட்டு மந்தை போல நிற்கும் கோரஸ் குழு தமக்கு வேண்டாம், காரியத்தில் பங்கெடுக்கும் மனிதர்களே வேண்டும். வாத்தியக் குழுவை வழிநடத்தும் நடத்துநர் இயந்திரமாக இருக்கக் கூடாது. அரசாங்க அரங்குகளுக்கு எந்த விலைக்கும் தரமாட்டேன், கல்லூரியில் நடக்காவிட்டால் எங்கும் நடக்க வேண்டாம் என்று முடிக்கிறார்.

அப்படியே நடந்தது. 1879 மார்ச்சில் மாஸ்கோவின் மாலி அரங்கில், கல்லூரி மாணவர்கள் பாட, கல்லூரியின் தலைவர் நிக்கலாய் ரூபின்ஸ்டைன் நடத்த, முதல் நிகழ்ச்சி அரங்கேறியது. தத்யானாவாகப் பாடியவர் மரியா கிளிமென்தவா. வரவேற்பு மிதமாகவே இருந்தது.

கடிதங்களில் ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு தேதிகள் வருவது ஏன்?

அன்றைய ரஷ்யா பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றியது. 19ஆம் நூற்றாண்டில் அது மேற்கு ஐரோப்பிய நாட்காட்டிக்கு 12 நாள்கள் பின்தங்கியிருந்தது. இங்கே நான் நாளோடு குறிப்பிட்டவை ரஷ்ய வழக்குத் தேதிகள்.

தோற்கும் என்று அவர் சொன்னது பொய்த்துவிட்டது அல்லவா?

ஃபான் மெக்கிடம் சொன்ன அச்சம் பொய்த்தது. ஆனால் 1878 பிப்ரவரியில் யூர்கென்சனிடம் சொன்னது வரிக்கு வரி பலித்தது. இந்த ஓபராவின் வெற்றி கீழிருந்து தொடங்க வேண்டும், மேலிருந்து அன்று என்று அதில் எழுதினார். அரங்கம் இதை மக்களுக்கு அறிமுகப்படுத்தாது. மக்கள் வீடுகளில் பியானோவோடு பாடிப் பழகி, கொஞ்சம் கொஞ்சமாக இதை நேசிக்கத் தொடங்குவார்கள். பிறகு அவர்களின் விருப்பத்தை நிறைவேற்ற அரங்கம் இதை எடுத்துக்கொள்ளும். அதனால் மேடையேற்றத்துக்கு வெகு முன்பே அச்சாகிவிட வேண்டும் என்றார். குரலும் பியானோவும் கொண்ட பதிப்பு 1878இலேயே வெளிவந்தது. 1881இல் மாஸ்கோவின் பல்ஷோய் அரங்கம் இதை எடுத்தது. 1884 அக்டோபரில் பீட்டர்ஸ்பர்க் அரசாங்க அரங்கில் நடந்தபோது கூட்டம் அலைமோதத் தொடங்கியது. அன்றிலிருந்து சைக்கோவ்ஸ்கி நாடறிந்தவரானார். 1888இல் பிராகாவில் அவரே நடத்தினார். 1892 ஜனவரியில் ஹாம்பர்க்கில் அதை நடத்தியவர், இசையமைப்பாளராகவும் புகழ்பெற்ற இளம் குஸ்தாவ் மாலர். இங்கே நடத்துநர் சாதாரணர் இல்லை, உண்மையான மேதை என்று சைக்கோவ்ஸ்கி வீட்டுக்கு எழுதினார். இயந்திரமாக இல்லாத நடத்துநர் வேண்டும் என்று அல்பிரெக்டிடம் கேட்டு அப்போது பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

முடிவுக் காட்சியை மாற்றினார் என்பது சரியா?

சரி. முதல் வடிவத்தில் தத்யானா ஒனேகினின் அணைப்பில் விழுவதும், கணவர் உள்ளே வருவதும் இருந்தன. புஷ்கினின் தத்யானா அப்படிச் செய்பவள் அல்லள் என்பதால், பல்ஷோய் நிகழ்ச்சிக்கு முன் அதை விலக்கி, இன்று நாம் கேட்கும் முடிவை வைத்தார்.

எந்தக் கடிதத்திலிருந்து தொடங்குவது?

அவருடைய கடிதங்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவை எஞ்சியிருக்கின்றன. தம்பி மோதெஸ்த் 1900 முதல் 1902 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றில் பல இடம்பெற்றன, ஃபான் மெக்குடனான போக்குவரத்து 1930களில் தனித் தொகுதிகளாக அச்சாயிற்று. எல்லாவற்றையும் தேடிப் போக வேண்டியதில்லை. முதலில் மே 18 கடிதம், பிறகு ஆகஸ்ட் இறுதியில் ஃபான் மெக்குக்கு எழுதியது, பிறகு அல்பிரெக்ட், கடைசியாகத் தனேயெவ் என்ற வரிசையில் படியுங்கள். தனேயெவ் கடிதத்தை முதலில் படித்தால், அதன் கோபம் மட்டும் நினைவில் நின்று, அதற்கு முன் அவர் பட்ட தயக்கம் தெரியாமல் போய்விடும். படித்து முடித்ததும் கடிதக் காட்சியைக் கேளுங்கள். பனுவலின் மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு, தத்யானா ‘நீங்கள்’ என்பதை விட்டு ‘நீ’ என்னும் வரியில் மட்டும் ஒரு கோடு போட்டுக்கொண்டு, அந்த இடம் வரும்போது ஆர்க்கெஸ்ட்ரா என்ன செய்கிறது என்று கவனியுங்கள்.